மருமகளின் விசாவில் மகன் தங்கலாம்

கும்பகோணத்திலிருந்து சென்ற வாரம் என்னைச் சந்திக்க வந்த ஓய்வுபெற்ற ஆசிரியரும் அவருடைய துணைவியாரும், அமெரிக்காவின் டெக்சாஸில் எச்-1பி என்ற வேலை விசாவில் மென்பொருள் சோதனைப் பிரிவில் இருந்த தங்கள் மகன் வேலையிழந்து 12 நாட்கள் ஆகிவிட்டதாகக் கலங்கினார்கள். வேலையிழந்தவர் அங்கே தங்கியிருக்கக் கிடைக்கும் 60 நாள் சலுகைக் காலம் முடிவதற்குள் அங்கேயே எம்.பி.ஏ. சேர்ந்து மாணவர் விசாவுக்கு மாறிவிட்டால் ஊரிலும் மரியாதையாக இருக்கும் என்று பெரியப்பா வீட்டார் வற்புறுத்துகிறார்களாம். அதற்காக வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைக்கலாமா என்று கேட்டார்கள்.

வைக்கக் கூடாது, ஐயா. உங்கள் மகனோடு நானே பேசினேன். மேலாண்மைப் படிப்பில் அவருக்குச் சற்றும் நாட்டமில்லை, தகவல் பாதுகாப்புத் துறைக்கு மாறவே விரும்புகிறார். மாணவர் விசாவில் முதல் கல்வியாண்டில் வளாகத்துக்கு வெளியே வேலை செய்யப் பொதுவாக அனுமதி கிடையாது. சேர்ந்த நாளிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று ஆசைகாட்டும் கல்லூரிகளில் சேர்ந்தவர்கள், பின்னர் எச்-1பிக்குத் திரும்பும்போது குடிவரவு அதிகாரிகளின் கடுமையான கேள்விகளுக்கு ஆளாகிறார்கள். சொந்தக்காரர்களின் வாய்க்காக வாங்கும் கடனை அவர்கள் யாரும் அடைக்கப் போவதில்லை.

வேறு நிறுவனத்தில் வேலை தேடும் வழியை மகனே நன்கறிவார். உங்கள் வீட்டில் எவரும் நினைத்துப் பார்க்காதது, மருமகள் அங்கே மருத்துவமனை ஆய்வகத்தில் தமக்கென்று தனியாக எச்-1பி வைத்திருக்கிறார் என்பதைத்தான். 60 நாட்களுக்குள், அங்கே தங்க அனுமதிக்கப்பட்ட கடைசித் தேதியைக் காட்டும் ஐ-94 பதிவு அதற்கு முன்பே முடிந்தால் அந்தத் தேதிக்குள், விசா நிலை மாற்றத்துக்கான ஐ-539 படிவத்தைத் தாக்கல் செய்து மகன், எச்-1பி வைத்திருப்பவரின் துணைக்குரிய எச்-4 நிலைக்கு மாறக் கோரலாம். நாட்கணக்கு வேலையின் கடைசி நாளிலிருந்து ஓடுகிறது. நிறுவனம் தரும் பிரிவுத்தொகை சில மாதங்களுக்கு வந்தாலும் கணக்கு நீளாது. உரிய காலத்தில் தாக்கல் செய்துவிட்டால், முடிவு வரத் தாமதமானாலும் அவர் அங்கே காத்திருக்கலாம். எச்-4இல் கழியும் காலம் எச்-1பியின் ஆறாண்டு வரம்பில் கழிக்கப்படுவதில்லை. எச்-1பிக்கான குலுக்கலில் முன்பே தேர்வானவர் என்பதால், வேலை கிடைத்ததும் எஞ்சிய ஆண்டுகளுக்கு மீண்டும் குலுக்கலில்லாமல் எச்-1பிக்குத் திரும்பலாம். எச்-4 நிலையில் படிக்கவும் தடையில்லை. ஆகவே அவர் விரும்பும் பாடத்தை ஒரு சமுதாயக் கல்லூரியில் மாலை வகுப்பாகவே படிக்கலாம். மருத்துவக் காப்பீடு போய்விட்டதே என்று அம்மா வருந்தினார். காப்பீடு இழந்த 30 நாட்களுக்குள் விண்ணப்பித்தால், கணவன்மனைவி இருவரையும் சேர்க்கும் திட்டமாக இருக்கும்பட்சத்தில், மருமகளின் காப்பீட்டிலேயே மகனும் சேரலாம்.

ஆனால், வேலை அனுமதி அட்டை தனியாகக் கிடைக்காதவரை எச்-4இல் ஒரு மணி நேரம்கூடச் சம்பளத்துக்கு வேலை செய்யக் கூடாது. மருமகளின் நிறுவனம் அவருக்கு கிரீன் கார்டுக்கான (நிரந்தரக் குடியுரிமை) ஐ-140 மனுவில் ஒப்புதல் பெற்றிருந்தால் அந்த அட்டைக்கும் விண்ணப்பிக்கலாம். ஒரே சம்பளத்தில் குடும்பம் சில மாதங்கள் நெருக்கிப் பிடிக்க வேண்டியிருக்கும். வீட்டை அடகு வைப்பதோடு ஒப்பிட்டால் அது தாங்கக்கூடிய சுமை.

அவன் ஒருமுறை ஊருக்கு வந்து முகம் காட்டிவிட்டுப் போகட்டும் என்ற ஆசையை, அம்மா, இப்போது அடக்கிக்கொள்ளுங்கள். விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது நாட்டைவிட்டு வெளியேறினால் அது கைவிடப்பட்டதாகக் கொள்ளப்படும். செல்லுபடியாகும் எச்-1பி விசா முத்திரை இல்லாமல் வெளிநாட்டில் இருப்பவருக்காகத் தாக்கலாகும் புதிய மனுவுக்கு 1,00,000 டாலர் கட்டணம் என்ற 2025 செப்டம்பர் அறிவிப்பையும் மறந்துவிடக் கூடாது.

திருமணப் பதிவுச் சான்றிதழ் தமிழில் இருப்பதாகச் சொன்னீர்கள். மொழிபெயர்ப்பாளரின் உறுதிமொழியோடு கூடிய ஆங்கில மொழிபெயர்ப்பை இந்த வாரத்துக்குள் தயார்செய்து, மூலத்தின் நகலோடு மகனுக்கு அனுப்பிவையுங்கள். மருமகளின் எச்-1பி ஒப்புதல் கடிதத்தையும் இருவரின் சம்பளச் சீட்டுகளையும் அவர்கள் அங்கே எடுத்துவைத்துவிட்டார்கள்.