ஜெர்மனியில் ஷாப்பிங்: வரி யாருக்குத் திரும்பக் கிடைக்கும்?

கேள்வி: மியூனிக்கில் படிக்கிறேன். சென்னையிலிருந்து வரும் தோழியோடு ஒரு நாள் கடைகளுக்குப் போகிறோம். வரியைத் திரும்பப் பெறலாமா?

பதில்: தோழி பெறலாம், அங்கே வசிக்கும் உங்களால் முடியாது. அதனால் கடையில் வாங்கும் வரித் திருப்பப் படிவம் அவர் பெயரில் இருக்கட்டும், பாஸ்போர்ட்டும் கையில் இருக்கட்டும். ஒரே பில்லில் 50 யூரோவைத் தாண்ட வேண்டும். நாலு கடைகளில் சில்லறையாக வாங்கினால் பலனில்லை. 19% வரி விலைக்குள்ளேயே அடக்கம் என்பதால் 100 யூரோ பொருளில் வரி 15.97 யூரோதான். அதிலும் சேவைக் கட்டணம் பிடிப்பார்கள்.

பலர் கோட்டைவிடுவது விமான நிலையத்தில். பெட்டியை அனுப்பிவிட்டுச் சுங்க அலுவலகத்துக்குப் போனால், காட்டப் பொருள் இருக்காது, படிவத்தில் முத்திரையும் கிடைக்காது. புதுத் துணியை அதுவரை உடுத்தவே வேண்டாம். ஞாயிறு கடைகள் மூடியிருக்கும், சனிக்கிழமையே போய்விடுங்கள்.