அம்பாசடர் சீட்டை வீட்டிலேயே தைக்கலாமா?

கேள்வி: அப்பா ஓட்டிய 1974 அம்பாசடர் மார்க் 2 என்னிடம் இருக்கிறது. சீட் ரெக்சின் கிழிந்துவிட்டது, உட்கார்ந்தால் ஸ்பிரிங் குத்துகிறது. குஷன் கடையில் ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு முழுக்க ஃபோம் போடலாம் என்கிறார்கள். வீட்டிலேயே செய்ய ஆசை. எங்கே தொடங்குவது?
- வாசகர், காரைக்குடி

பதில்: தயவுசெய்து ஸ்பிரிங்கை எடுக்க விடாதீர்கள். அது குத்துவதற்குக் காரணம் பெரும்பாலும் ஸ்பிரிங் இல்லை, அதன் மேல் போட்டிருந்த சாக்கும் நாரும் இத்தனை வருடத்தில் மக்கிப் பொடியாகியிருக்கும், அவ்வளவுதான். உடைந்த கம்பி இருந்தால் மாற்றுங்கள், துருவைத் தேய்த்து பிரைமர் அடியுங்கள், மேலே கெட்டிச் சாக்கு, ரப்பர் கலந்த தேங்காய் நார் ஷீட், அதற்கு மேல் அரை இஞ்ச் ஃபோம். போதும், அந்தப் பழைய பெஞ்ச் சீட்டின் மெத்தென்ற ஆட்டம் திரும்பிவிடும்.

ஆனால் துணி வாங்கும் முன்பே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. சீட்டை வெளியே எடுத்ததும் தரை விரிப்பைத் தூக்கி, அடியிலுள்ள இரும்புத் தகடு துருப்பிடித்து ஓட்டை விழுந்திருக்கிறதா என்று ஸ்க்ரூ டிரைவரால் தட்டிப் பாருங்கள். தண்ணீர் எங்கிருந்து இறங்குகிறது என்று கண்டுபிடித்து அடைக்காமல், ஓட்டையை வெல்டிங் வைக்காமல் மேலே புதுசு போட்டால் காசு வீண்.

பழைய உறையைக் கிழித்து எறியாதீர்கள், அதுதான் உங்கள் அளவுத்துணி. உறையை ஸ்பிரிங் சட்டத்தோடு பிடித்திருக்கும் கம்பி வளையங்களான ரிங் கிளிப்புகளை வெட்டி, தையலைப் பொறுமையாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் இடது வலது, மேல் கீழ் என்று மார்க்கரில் எழுதுங்கள். டிரைவர் உட்காரும் பக்கம் இழுபட்டுப் பெரிதாகியிருக்கும், அதனால் எதிர்ப்பக்கத் துண்டைத் திருப்பிப் போட்டு வெட்டுவது நல்லது. வீட்டுத் தையல் மெஷின் ரெண்டு மடிப்பு ரெக்சினைத் தாங்கினாலும், ஓரத் தையலில் பீடிங் (உருண்டைக் கரை) வைக்கும் இடத்தில் நாலு மடிப்பு சேரும்போது திணறும். வெட்டுவதை நீங்கள் செய்யுங்கள், தையலை மட்டும் சோபா தைப்பவரிடம் கொடுங்கள், பருத்தி நூல் வேண்டாம், பாலியஸ்டர் நூல் என்று சொல்லிவிடுங்கள். அப்புறம், மாட்டும் முன் உறையைக் கொஞ்ச நேரம் வெயிலில் போட்டால் இளகி நன்றாக இழுபடும். நடுவிலிருந்து ஓரத்துக்கு ரிங் போட்டுக்கொண்டே போங்கள், சுருக்கம் விழாது. இன்னொன்று, இப்போது எல்லாரும் கேட்கும் டைமண்ட் தையல் இந்த வண்டிக்கு ஒட்டவே ஒட்டாது, நேர்கோட்டுத் தையலே அழகு.

கேள்வி: கதவின் உள்பக்க அட்டை ஒவ்வொரு மழைக்கும் ஊறி வீங்குகிறது. ஏன்?

பதில்: கண்ணாடி வழியாகக் கதவுக்குள் தண்ணீர் இறங்குவது சகஜம், அது வெளியேறத்தான் அடியில் துளைகள் இருக்கின்றன. மண் அடைத்திருக்கும், கம்பியால் குத்தி விடுங்கள். பிறகு தகட்டுக்கும் அட்டைக்கும் நடுவே கெட்டி பாலிதீன் ஷீட்டை ஒட்டுங்கள், அதன் கீழ் ஓரம் கதவுக்குள்ளேயே போக வேண்டும். ஹார்ட்போர்டுக்குப் பதில் மெல்லிய மரைன் பிளை (தண்ணீர் தாங்கும் பிளைவுட்) போட்டால் இன்னும் நல்லது.

கேள்வி: ரூஃப் லைனிங்கையும் நானே மாற்றலாமா?

பதில்: சீட்டும் கதவும் முடித்துக் கை பழகிய பிறகு, சரி. முதலில் பேட்டரி வயரைக் கழற்றுங்கள், கூரை விளக்கை எடுக்க வேண்டுமே. துணியைத் தாங்கும் கம்பிகளுக்கு முன்னிருந்து பின்னாக எண் எழுதாமல் எதையும் உருவாதீர்கள், வரிசை மாறினால் துணி படியாது. ஒட்டும் சொல்யூஷன் வெயில் தாங்கும் வகையாக இருக்கட்டும். அதன் ஆவி சட்டென்று தீப்பிடிக்கும், நாலு கதவையும் திறந்து வைத்து வேலை செய்யுங்கள்.