குளிர்காலத்திலேயே பசுமைக்குடிலைப் பொருத்தலாமா?

வாடகைக்கு எடுத்த தோட்டத் துண்டில், அலுமினியச் சட்டமும் பாலிகார்பனேட் (ஒளி புகும் கடினப் பிளாஸ்டிக்) தகடும் கொண்ட குடிலை இந்தக் குளிரிலேயே நிறுத்தலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக நிறுத்தலாம். ஆனால் மண் உறைந்து கிடக்கும்போது அடித்தள வேலையைத் தொடாதீர்கள். உறைந்த ஈர மண் உப்பி நிற்கும். இளகியதும் இறங்கி, மட்டம் போய்விடும். 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே என்றால் கான்கிரீட்டும் வேண்டாம், சரியாக இறுகாது.

அடிச்சட்டத்தில்தான் பொறுமை வேண்டும். இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து, சமமாகும் வரை நகர்த்துங்கள். அதுவரை நட்டுகளைக் கையால் மட்டும் திருகிவிடுங்கள்; ஸ்பேனர் அப்புறம்.

குளிரில் பலர் கவனிக்காதது தகட்டின் சுருக்கம். 2 மீட்டர் பாலிகார்பனேட் தகடு, வெப்பநிலை 30 டிகிரி கூடினால் ஏறக்குறைய 4 மில்லிமீட்டர் நீளும். இப்போது இடைவெளி விடாமல் இறுக்கினால் கோடையில் வளைந்து பிதுங்கும். புற ஊதாப் பூச்சு உள்ள பக்கம் வெளியே இருக்கட்டும். தகட்டுக்கும் சட்டத்துக்கும் நடுவே இடைவெளியை அடைக்கும் ரப்பர் பட்டை விறைத்திருந்தால் வெந்நீரில் கொஞ்சம் ஊறவைத்து, துடைத்துவிட்டுப் பொருத்துங்கள். இழுத்துப் பொருத்தினால் பின்னால் சுருங்கி மூலையில் இடைவெளி விழும்.

பலமாகக் காற்றடிக்கும் நாளில் தகடு ஏற்றவே வேண்டாம். பாதி மூடிய குடிலுக்குள் காற்று புகுந்தால் சட்டமே முறுக்கிக்கொள்ளும். ஒரே நாளில் முடியாது என்று தெரிந்தால், சட்டத்தைத் தரையோடு உறுதியாகப் பிணைத்துவிட்டு, தகடுகளை அமைதியான இன்னொரு நாளில் ஏற்றுங்கள்.