லோரிக்குத் தினையும் வேண்டாம், வெல்லமும் வேண்டாம்

கேள்வி: பொள்ளாச்சிப் பக்கம் எங்களுக்குத் தென்னந்தோப்பு. அக்கா மகன் வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பும்போது, தான் வளர்த்த ரெயின்போ லோரி என்ற வெளிநாட்டுக் கிளியை எங்களிடம் விட்டுவிட்டுப் போய்விட்டான். வந்து பத்து நாள் ஆகிறது. தினையும் சூரியகாந்தி விதையும் வைத்தால் கொத்திவிட்டுத் துப்புகிறது. குழந்தைகளுக்கான டப்பா சத்துமாவை வெல்லத் தண்ணீரில் கரைத்து வைத்தால் மட்டும் குடிக்கிறது. எச்சம் தண்ணீராகப் பீய்ச்சி அடிக்கிறது, கழிச்சலோ என்று பயமாக இருக்கிறது. கூண்டு முழுக்க எறும்பு வேறு. இடமில்லாமல் கோழிக்கூண்டுக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறோம். என்ன செய்யலாம்?

பதில்: முதலில் கழிச்சல் பயத்தை இறக்கி வையுங்கள். லோரி சாப்பிடுவதே தண்ணீர்த் தீனி, எச்சமும் அப்படித்தான் போகும். கூண்டைத் தாண்டிச் சுவரில் அடிப்பதும் அதன் வழக்கம். பின்பக்கம் கழுவக்கூடிய ஒரு பிளாஸ்டிக் தாளைக் கட்டிவிட்டால் போதும். சத்தம் போட்டுக்கொண்டு தீனிக்கு ஓடி வருகிற வரைக்கும் கவலை இல்லை. உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு கூண்டின் அடியில் உட்கார்ந்தாலோ, கக்கினாலோ, வாய்க்குள் வெள்ளைப் படலம் தெரிந்தாலோ அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

விதையைத் துப்புவதில் தப்பு லோரி மேல் இல்லை. அதைக் கிளி என்று நினைக்காமல், கொஞ்சம் பெரிய தேன்சிட்டு என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையில் யூக்கலிப்டஸ் பூக்களில் தேனையும் மகரந்தத்தையும் நக்கிப் பிழைக்கிற ஜாதி அது. நாக்கு நுனி தூரிகை மாதிரி இருக்கும். கோழிக்கு இருப்பது போல விதையை அரைக்கிற தடித்த இரைப்பை அதற்குக் கிடையாது. பூ என்றால் விடாது. குயின்ஸ்லாந்தில் அலெக்ஸ் கிரிஃபித்ஸ் என்ற தேனீ வளர்ப்பாளர் பூச்சாகுபடியும் செய்துவந்தார். கிளாடியோலஸ் பூக்களை லோரிகள் நாசம் பண்ணுவது பொறுக்காமல், 1947இல் அவற்றுக்குத் தனியாகத் தீனி வைத்துத் திசைதிருப்பினார். இன்றைய கரம்பின் வனவிலங்குச் சரணாலயம் அப்படித் தொடங்கியதுதான்.

இப்போது நீங்கள் கொடுக்கும் தீனிக்கு வருவோம். எனக்குக் கவலை தருவது தினை அல்ல, அதைத்தான் அது துப்பிவிடுகிறதே. விரும்பிக் குடிக்கிற வெல்லமும் டப்பா சத்துமாவும்தான் பிரச்சினை. பூந்தேனில் இரும்புச்சத்து மிகக் குறைவு. அதையே குடித்துப் பழகிய உடம்பு, கிடைக்கிற இரும்பை விடாமல் சேர்த்து வைத்துக்கொள்ளும், வேண்டாததை வெளியே தள்ளத் தெரியாது. அது கல்லீரலில் படிந்துகொண்டே போகும். வெளியே ஒன்றும் தெரியாமல் இருந்து ஒருநாள் பறவை திடீரென்று செத்துக் கிடக்கும். குழந்தைகளுக்கான மாவில் பெரும்பாலும் இரும்பைச் சேர்த்தே விற்கிறார்கள். வெல்லம், கருப்பட்டி, பேரீச்சை, உலர்திராட்சை, கீரை என்று நம் வீட்டில் ரத்தம் ஊறும் என்று கொடுக்கிற அத்தனையும் லோரிக்கு ஆகாது. நெல்லி, எலுமிச்சை, ஆரஞ்சும் வேண்டாம், வைட்டமின் சி இரும்பை இன்னும் இழுத்துவிடும்.

பறவைக் கடைகளில் லோரிக்கென்றே, பூந்தேனுக்குப் பதிலாகக் கரைத்துக் கொடுக்கிற நெக்டர் பொடி கிடைக்கிறது. கிலோவுக்கு 100 மில்லிகிராமுக்கும் குறைவாக இரும்பு உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். ஆறவைத்த வெந்நீரில் பாக்கெட்டில் சொன்ன அளவுக்குக் கரைத்து, எவர்சில்வர் கிண்ணத்தில் காலையும் மாலையும் புதிதாக வையுங்கள். சித்திரை வெயிலில் இரண்டு மூன்று மணி நேரத்தில் புளித்துவிடும். மிச்சத்தைக் கொட்டிவிட்டுக் கிண்ணத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். முன்பு சொன்ன வெள்ளைப் படலம் பூஞ்சை நோய், பெரும்பாலும் புளித்த தீனியால் வருவது. பழைய தீனியை ஒரே நாளில் நிறுத்தாதீர்கள், பட்டினி கிடக்கும். ஒரு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்றுங்கள். சமையலறை டிஜிட்டல் தராசில் தினம் காலையில் தீனிக்கு முன் எடை போட்டுக் குறித்து வையுங்கள். பத்தில் ஒரு பங்கு குறைந்தால் மருத்துவரிடம் போய்விடுங்கள்.

கூடவே மாதுளை, சப்போட்டா, விதை நீக்கிய ஆப்பிள் ஆகியவற்றில் ஏதாவது ஒன்றைத் தினம் சின்னத் துண்டுகளாகக் கொடுக்கலாம். வெண்ணெய்ப் பழமும் சாக்லேட்டும் விஷம். செம்பருத்திப் பூ கொடுத்தால் கொண்டாட்டம். தோப்பு வைத்திருக்கிறீர்களே, விரிந்த தென்னம்பாளையில் ஒரு கொத்தை வெட்டிக் கூண்டில் கட்டிவிட்டு வேடிக்கை பாருங்கள். ஆனால் வேர் வழியாக மருந்து கட்டிய மரத்துப் பாளை கூடவே கூடாது, வெள்ளை ஈக்கு மருந்து அடித்த மரமும் வேண்டாம்.

எறும்புக்குப் பொடி தூவாதீர்கள். கூண்டைக் கம்பியில் தொங்கவிட்டு, கம்பியின் நடுவில் தண்ணீர்க் கிண்ணி ஒன்றைக் கோத்துவிடுங்கள், எறும்பு தாண்டாது. துத்தநாக முலாம் பூசிய கம்பிக்கூண்டாக இருந்தால் மாற்றிவிடுவது நல்லது, கடித்துக் கடித்தே விஷம் ஏறும். கொசுவத்தி, சாம்பிராணிப் புகை பக்கத்தில் வேண்டாம். நான்ஸ்டிக் சட்டி அடுப்பில் காய்ந்தால் வரும் ஆவி ஒரு லோரியைச் சில நிமிடங்களில் கொன்றுவிடும், அதனால் சமையலறையில் வைக்கவே வேண்டாம். கூண்டுக்கு வெளியே பறக்க விடும்போது மின்விசிறியை நிறுத்துங்கள்.

கோழிக்கூண்டுப் பக்கத்திலிருந்து இன்றைக்கே எடுத்துவிடுங்கள். கோழிக்கு வருகிற வெள்ளைக் கழிச்சல் கிளி இனத்தையும் தாக்கும். கோழிக்குத் தீனி வைத்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் லோரியைத் தொட வேண்டும்.

அப்புறம் காகித வேலை. பச்சைக்கிளி மாதிரி நம் நாட்டுக் கிளிகளை வீட்டில் வளர்க்கச் சட்டத்தில் இடமில்லை. லோரி வெளிநாட்டு இனம் என்பதால் வளர்க்கலாம். ஆனால் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022 திருத்தத்துக்குப் பிறகு அதைப் பதிவு செய்தாக வேண்டும். 2024இல் வந்த விதிகள்படி, பறவை கைக்கு வந்து 30 நாளுக்குள் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். உங்களுக்கு இன்னும் இருபது நாள் இருக்கிறது. லோரியை வாங்கிய ரசீதும் பழைய பதிவும் இருக்கிறதா என்று அக்கா மகனிடம் இன்றைக்கே கேளுங்கள். ஒரு மாதம் கழித்து மறுபடி எழுதும்போது எடைக் குறிப்பையும் சேர்த்து அனுப்புங்கள்.