ஊட்டியில் எங்கள் இளைஞர் குழு நடந்தே பார்க்கக்கூடிய உள்ளூர்க் கலை இடங்கள் எவை? ஒரு நாள் போதுமா?

ஒரு நாள் போதும், இடங்களைக் குறைத்துக்கொண்டால். நான் ஊட்டிக்காரன், எங்கள் தெரு இளைஞர் மன்றத்துப் பிள்ளைகளை இப்படி நடத்திக் கூட்டிப் போவது வழக்கம். 'ஆர்ட் கேலரி' என்று பலகை தேடி அலைய வேண்டாம்.

காலையில் சேரிங் கிராஸில் கூடி, தாவரவியல் பூங்கா வழியாக மேலே ஏறுங்கள். பூங்காவுக்கு மேலே தோடர் மந்து, அதாவது தோடர் பழங்குடியினரின் சிற்றூர், இருக்கிறது. அரைப்பீப்பாய் வடிவ வீட்டை எல்லோரும் போட்டோ எடுத்துவிட்டு இறங்கிவிடுவார்கள். நீங்கள் அங்கே பூத்தையல் போடும் அக்காமார்களிடம் கேட்டுவிட்டுக் கொஞ்சம் உட்காருங்கள். வெள்ளைப் பருத்தித் துணி, சிவப்பு, கறுப்புக் கம்பளி நூல், ஒரு ஊசி. அவ்வளவுதான் சாமான். துணியை இழுத்து மாட்டும் சட்டம் கிடையாது, வரைந்துகொள்வதும் கிடையாது. துணியின் இழைகளை எண்ணி எண்ணியே எருமைக் கொம்பும் மற்ற உருவங்களும் வந்துவிடும். தையல் புடைத்து நிற்கும். தடவிப் பார்த்தால் தெரியும். 2013இல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனாலும் கடைவீதியில் அதே நிறத்தில் மெஷின் தையல் சால்வை மலிவாகக் கிடைக்கத்தான் செய்கிறது. கையால் போட்டதை ஒருமுறை பார்த்த பிள்ளை அதில் ஏமாறாது. தயவுசெய்து பேரம் பேசாதீர்கள். மந்தில் இருக்கும் தோடர் கோயில் பக்கம் போக வேண்டாம். சுற்றுச்சுவருக்கு வெளியே நின்றால் போதும்.

இறங்கும்போது ஸ்டீபன் சர்ச், நீலகிரி நூலகம் இரண்டையும் வெளியிலிருந்து பார்த்துக்கொள்ளலாம். அழகான கட்டடங்கள்தான், ஆனால் நீங்கள் கேட்டது அதுவல்ல.

மதியம் நடையை விட்டுவிட்டு பஸ் ஏறி முத்தோரை பாலாடா போங்கள். பழங்குடியினர் ஆய்வு மையத்தின் அருங்காட்சியகம் அங்கேதான். கோத்தர் பழங்குடியினரின் மண்பாண்டத்தையும் இரும்பு வேலையையும் தேடிப் பாருங்கள். மண்பாண்டம் பெண்கள் கை, உலை ஆண்கள் கை. விடுமுறை நாளா என்று முன்னாடியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

குறும்பர் பழங்குடியினரின் ஓவியம் பார்க்க ஆசை என்றால் அது கோத்தகிரிப் பக்கம், வெள்ளரிக்கொம்பை என்ற ஊர். வேங்கைப் பிசினில் பழுப்பு, காட்டு அவரை இலையில் பச்சை என்று காட்டிலிருந்தே நிறம் எடுப்பார்கள். அதை இதே நாளில் திணிக்காதீர்கள். தனி நாள் வையுங்கள். ஊர்ப் பெரியவர்களிடம் சொல்லி, அவர்கள் வரச் சொல்லும் நாளில் போங்கள்.

அப்புறம், பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு நீலகிரியில் தடை. ஆளுக்கொரு எவர்சில்வர் பாட்டில், ஒரு குடை.