மழை விழுந்தால் குட்டையை விட்டுவிடுங்கள்

தம்பி, அரிசோனா வந்து எட்டு மாதம் ஆகிறது, வில் வேட்டைக்கு லைசென்ஸும் மான் டேக்கும் (ஒரு மானுக்கான அனுமதிச் சீட்டு, கிடைத்த மானில் கட்டுவது) வாங்கியாச்சு, ஆகஸ்ட் கடைசியில் மாடுகளுக்குத் தண்ணீர் தேக்கிய மாட்டுக்குட்டைப் பக்கம் உட்கார்ந்தால் மியூல் மான் வருமா என்று கேட்டிருந்தீர்கள். வரும். ஆனால் வானத்தைப் பார்த்துவிட்டுப் போய் உட்காருங்கள்.

இங்கே ஜூலை முதல் செப்டம்பர் வரை பருவமழை. ஒரு மழை விழுந்தாலே பாறைக்குழியெல்லாம் தண்ணீர் நிற்கும், செடிகொடியில் ஈரம் ஏறிவிடும். மான் உங்கள் குட்டையை எட்டிக்கூடப் பார்க்காது. ஒரு வாரம் பத்து நாள் வெயில் காய்ந்து, சுற்றிலும் வேறு தண்ணீர் வற்றிய பிறகுதான் காத்திருப்பதில் அர்த்தம்.

உச்சிவெயிலில் போய்ச் சேற்றோரமாக ஒரு சுற்று நடங்கள். மான் தடம் இதய வடிவில் மூன்று அங்குலம் இருக்கும். மாட்டுத்தடம் அதைவிடப் பெரியது, அகலமானது. விளிம்பு கத்தியால் வெட்டினாற்போல் இருந்தால் நேற்று ராத்திரி வந்தது. விளிம்பு உதிர்ந்து, மேலே பூச்சி ஊர்ந்த கோடு இருந்தால் பழசு. கேமரா கட்டி வேவு பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள், வேட்டைக்கு அதைப் பயன்படுத்த இங்கே 2022 ஜனவரி முதல் தடை.

காற்றில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். பொழுது சாய்ந்ததும் குளிர்ந்த காற்று ஓடை வழியே கீழே இறங்கும். மாட்டுக்குட்டைகள் பெரும்பாலும் ஓடையை மறித்து மண்கரை போட்டவை. அதனால் மாலையில் கரையோரம், உச்சிக்குச் சற்றுத் தாழ்வாக உட்கார்ந்தால் உங்கள் வாடை மானுக்கு எதிர்ப்பக்கம் போய்விடும். வெயில் ஏறியதும் காற்று மேல்நோக்கித் திரும்பும், காலையில் அதே இடம் உதவாது. தடம் கரைக்குக் கீழிருந்து ஏறி வருகிறதென்றால் அன்று மாலை அந்தக் குட்டையே வேண்டாம்.

மறைப்புக் கூடாரத்தை ஒரு வாரம் முன்பே போட்டுவிடுங்கள். புதிதாக முளைத்த கூடாரத்தைக் கண்டால் மான் ஒதுங்கும். உள்ளே கறுப்புச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள், பின்பக்க ஜன்னல்கள் மூடியிருக்க வேண்டும். தூரம் 25 கஜம் போதும். மான் தலை குனிந்த உடனே நாணை இழுக்காதீர்கள். இரண்டு வாய் குடித்துவிட்டு வெடுக்கென்று நிமிர்ந்து பார்க்கும். மறுபடி குனிந்து நிதானமாகக் குடிக்கும்போது, விலா முழுதும் தெரிந்தால் மட்டும் அம்பை விடுங்கள்.

நுரையீரலில் பட்டது தெரிந்தாலும் அரை மணி நேரம் பொறுங்கள். வயிற்றில் பட்டிருந்தால் ஆறு மணி நேரமாவது ஆகவேண்டும். அவசரப்பட்டுத் துரத்தினால் அது வெகுதூரம் ஓடி, வேதனையில் சாகும், கறியும் கிடைக்காது. கிடைத்ததும் டேக் கட்டி, தோலை உடனே உரித்துவிடுங்கள். அந்த வெயிலில் தொடை எலும்பை ஒட்டித்தான் கறி முதலில் கெடும். வண்டியில் ஐஸ் நிறைந்த பெட்டி இல்லாமல் புறப்படவே வேண்டாம்.

துப்பாக்கியும் வாங்கும் எண்ணம் இருந்தால் ஒன்று: எச்1பி போன்ற தற்காலிக விசாக்காரர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்க மத்திய சட்டம் அனுமதிப்பதில்லை. செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் அதற்கு ஒரு விதிவிலக்கு. ஆகவே லைசென்ஸ் முடியும் தேதியைக் குறித்துவையுங்கள்.

இரவு தங்குவது குட்டையிலிருந்து கால் மைலுக்கு அப்பால்தான். கிட்டே தங்கி விலங்குகளைத் தண்ணீருக்கு வரவிடாமல் செய்வது இந்த மாநிலத்தில் குற்றம். அந்த வட்டாரத்தில் மிச்சமிருக்கும் தண்ணீர் அது ஒன்றாகவே இருக்கலாம் தம்பி. ஒரு மாலை உட்கார்ந்தால் அடுத்த இரண்டு நாள் அதை விட்டுவிடுங்கள்.