பழைய கப்பல் பதிவேடுகளைக் கணினியில் ஏற்றுவதால் வரலாற்றுக்கு என்ன புதிதாகக் கிடைக்கிறது?

ஆப்பிரிக்கர்களைக் கப்பலேற்றி அமெரிக்கக் கண்டங்களுக்குக் கொண்டுபோன அட்லாண்டிக் அடிமை வணிகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பல நாட்டு ஆவணக் காப்பகங்களில் சிதறிக் கிடந்தவற்றைத் தொகுத்து, 'ஸ்லேவ் வாயேஜஸ்' தரவுத்தளம் சுமார் 36,000 பயணங்களை ஒரே இடத்தில் வைத்திருக்கிறது. ஒரு பயணத்துக்கு ஒரு வரி: கப்பலின் பெயர், துறைமுகம், ஏற்றப்பட்டவர்கள், உயிரோடு இறங்கியவர்கள். பதிவில்லாத பயணங்களையும் மதிப்பிட்டுச் சேர்த்தால், ஏற்றப்பட்டவர்கள் சுமார் 1.25 கோடி, இறங்கியவர்கள் 1.07 கோடி. அந்த வித்தியாசம் நடுக்கடலில் போன உயிர்கள்.

என்னை உலுக்கியது பெயர்கள்தான். அடிமை வணிகத்தைத் தடைசெய்தபின் பிரிட்டிஷ் கடற்படை மடக்கிய கப்பல்களிலிருந்து மீட்கப்பட்டவர்களின் பெயர்களை, மேற்கு ஆப்பிரிக்காவின் சியரா லியோனில் உள்ள ஃப்ரீடவுன் நகர நீதிமன்ற எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதிவைத்தார்கள். அதே பெயரை இன்று வாய்விட்டு உச்சரித்துக் கேட்டால், இது எங்கள் ஊர்ப் பெயராயிற்றே என்று யோருபா, இக்போ போன்ற மேற்கு ஆப்பிரிக்க மொழிகளைப் பேசுபவர்களால் அடையாளம் சொல்ல முடிகிறது.